காட்டுப்பன்றி இறைச்சியை வீட்டார் விரும்பிச் சாப்பிடும்படி சமைப்பது எப்படி

காட்டுப்பன்றி இறைச்சி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுகிற ஒருவர் பல வீடுகளில் இருக்கிறார். இலங்கை மலையகத்தின் கந்தப்பளையில் உள்ள எங்கள் வீட்டில் அவர் என் மாமியார். திருமணமான புதிதில் அவருடைய வெறுப்பை வீண் பிடிவாதம் என்றுதான் நான் எண்ணினேன். ஒருநாள் ஆட்டிறைச்சி என்று பொய் சொல்லிப் பரிமாறினேன். இரண்டாவது கவளத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நான் ஆக்கிய எந்தக் கறியையும் அவர் முகர்ந்து பார்க்காமல் தொட்டதில்லை. ஆகவே இந்தக் குறிப்பில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: என்ன இறைச்சி என்பதை ஒருபோதும் மறைக்காதீர்கள். மதத்தாலோ விரதத்தாலோ குலவழக்கத்தாலோ பன்றியை விலக்கியவர்களிடம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. வாடையால் விலகி நிற்பவர்களுக்கு மட்டுமே இந்த வழிமுறை பொருந்தும்.

அந்த வாடை கற்பனையன்று. வளர்ந்த ஆண் பன்றியின் விதைப்பையில் அண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருள் உருவாகிறது. குடலில் ஸ்கட்டோல் என்ற இன்னொன்று உண்டாகிறது. இரண்டும் கொழுப்பில் கரைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. சூடேறும்போது ஆவியோடு கிளம்புகின்றன. அண்ட்ரோஸ்டெனோனை எல்லோரும் ஒரே அளவில் உணர்வதில்லை. பிறவியிலேயே சிலருக்கு அது மணப்பதே இல்லை; சிலருக்கோ மூத்திர நெடியைப் போல முகத்தில் அடிக்கும். என் கணவர் "ஒன்றும் மணக்கவில்லையே" என்று சொன்னதும், அவருடைய தாயார் "இதென்னம்மா, இப்படி மொச்சை வாடை அடிக்குது" என்று சொன்னதும் இரண்டுமே உண்மைதான். இதை உணர்ந்த நாளிலிருந்து நான் அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு, கொழுப்பை அகற்றுவதில் கவனம் செலுத்தத் தொடங்கினேன்.

சமைப்பதற்கு முன்பே, எந்த இறைச்சியை ஏற்பது என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். மரை, மான், உக்குளான் எனப்படும் சருகுமான் ஆகியவை இலங்கையின் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் இறைச்சியை யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். உருளைக்கிழங்குப் பாத்திகளைக் கிளறிப்போடும் காட்டுப்பன்றியைப் பொறுத்தவரையிலும், எது அனுமதிக்கப்பட்டது என்பதை அருகிலுள்ள வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கம்பிச் சுருக்கில் பிடிபட்டதாகச் சொன்னால் அந்த இறைச்சி வேண்டவே வேண்டாம். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அத்தகைய சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை பின்னர் இறந்துபோனதை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சமையலை மட்டும் வைத்துப் பார்த்தாலும் சுருக்கில் சிக்கியது நல்ல இறைச்சியாகாது. நெடுநேரம் துடித்துச் சாகும் விலங்கின் தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து முழுவதும் எரிந்து தீர்ந்துவிடுவதால், அந்த இறைச்சி கறுத்து, இறுகி, விரைவில் கெட்டுப்போகும். தானாகச் செத்துக் கிடந்த பன்றியையும் தொடக்கூடாது.

இளம் பன்றியோ பெண் பன்றியோ என்றால் தயங்காமல் வாங்கலாம். கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரியும் தனியன் என்று தெரிந்தால், முதன்முறை சாப்பிட இணங்குபவருக்காக அதை ஒருபோதும் சமைக்காதீர்கள். ஒருமுறை கெட்ட அனுபவம் ஏற்பட்டால் மறுமுறை அவரை உட்காரவைக்க மூன்று ஆண்டுகள் ஆகும். தோலோடு மயிரைத் தீயில் பொசுக்கி எடுத்த இறைச்சியில் கருகிய மயிரின் நெடி ஏறியிருக்கும். அதனால் தோலை உரித்த துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். தொடை, முதுகுச் சதை ஆகியன சிறந்தவை. கண்ணப்ப நாயனார்கூடப் பன்றி இறைச்சியைச் சுவைத்துப் பார்த்து, நல்ல துண்டுகளை மட்டுமே இறைவனுக்கென்று எடுத்துவைத்தார் என்பதை என் மாமியாரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இறைச்சி பெரும்பாலும் வெதுவெதுப்பாகவே சொப்பிங் பையில் கட்டப்பட்டு வந்து சேரும். அதை அப்படியே ஒரு மணி நேரம் வைத்தாலும் புழுங்கி வாடை இரட்டிப்பாகிவிடும். கைக்கு வந்த உடனே பையை அவிழ்த்து, அகன்ற தட்டில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மலைக் குளிரை நம்பி இரவு முழுவதும் வெளியே வைப்பவர்கள் உண்டு. தை மாதத்து இரவில்கூட அந்தக் குளிர் போதாது, பெட்டிக்குள் இருக்கவேண்டிய 4 பாகை செல்சியஸ் வேறு, வாசற்குளிர் வேறு.

அடுத்த நாள் காலையில், இறைச்சி இறுகியிருக்கும்போது, கூரிய கத்தியால் துப்புரவு செய்யுங்கள். இந்த வேலைக்கு ஒரு கிலோவுக்கு அரை மணி நேரமாவது செலவிட வேண்டும், அவசரப்பட்டால் மற்ற எல்லாமே வீணாகிவிடும். வெளியில் தெரியும் வெள்ளைக் கொழுப்பை முழுவதுமாகச் சீவி எறியுங்கள். பிறகு துண்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு தசைகளுக்கு நடுவே மெல்லிய கோடாகக் கொழுப்பு ஓடுவது தெரியும். விரலால் தசையைப் பிரித்து அதையும் வழித்தெடுங்கள். பளபளக்கும் சவ்வின் ஒரு முனையைக் கத்தியால் தூக்கிப் பிடித்து இழுத்தால் உரிந்து வரும். சதைக்குள் பயறு போல உருண்டு தட்டுப்படும் சாம்பல் நிறச் சுரப்பிகள், உறைந்த இரத்தக் கட்டிகள் ஆகியவற்றை விட்டுவைக்கக்கூடாது. குண்டு பட்ட இடமிருந்தால், ஈயத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் சிதறியிருக்கக்கூடும் என்பதால், அதைச் சுற்றி ஒரு கையகலத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம்.

பின்னர் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்து, துண்டுகள் மூழ்கும்படி ஊற்றி, எட்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தண்ணீர் சிவந்தால் இடையில் ஒருமுறை மாற்றுங்கள். அதை வடித்துவிட்டு எருமைத் தயிரும் சிறிது மஞ்சளும் பூசி இன்னும் நான்கு மணி நேரம் ஊறவிடலாம். வினாகிரியில் இரவு முழுவதும் ஊறவைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வெளிப்புறம் வெந்தது போலாகி உட்புறம் வறண்டுவிடுகிறது.

முதற் கொதியை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தயங்குபவரின் மனத்தை முறிப்பது தட்டில் இருக்கும் கறி அன்று. அதற்கு மூன்று மணி நேரம் முன்பு லயத்து அறை முழுவதும் நிரம்பிய ஆவிதான். மாமியார் கோவிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பின்பக்கத்து மூன்று கல் அடுப்பில் மிலாறு என்னும் தேயிலைச் சுள்ளி வைத்து எரித்து, தனிச் சட்டியில் இஞ்சி, மஞ்சள், நசுக்கிய சேரைத் (எலுமிச்சைப்புல்) தண்டு போட்டு, பத்து நிமிடம் மூடாமல் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுவேன். கவ்வாத்து முடிந்து காய்ந்த தேயிலை மிலாறு நின்று எரியும், புகையும் அதிகமிராது. இந்த இறைச்சிக்கென்று தனிச் சட்டியும் தனி அகப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். சாமி படத்துக்கு முன் பொங்கல் வைக்கும் பாத்திரத்தில் இது பட்டுவிட்டது என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் விழுந்தால், எந்த மசாலாவாலும் அதை நீக்க முடியாது.

வேகும் நேரத்தைப் பற்றியும் மலையகத்தவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பிலிருக்கும் உறவினர் சொன்ன நேரக் கணக்கில் திறந்த சட்டியில் சமைத்தால் இறைச்சி நார் நாராகக் கடிபடும். ஆகவே பிரஷர் குக்கரையே பயன்படுத்துங்கள். நிதானமான தீயில் நாற்பது நிமிடம் தேவைப்படும். குக்கர் இல்லாதவர்கள் இரண்டரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காட்டுப்பன்றியின் சதையில் புழுக்கள் இருக்கக்கூடும். உறையவைப்பதால் மட்டும் அவை எல்லாம் சாகும் என்று நம்ப முடியாது. துண்டின் நடுப்பகுதி குறைந்தது 71 பாகை வரை சூடேற வேண்டும். இளஞ்சிவப்பாக எடுத்துச் சுட்டுத் தின்னும் வழக்கத்தை வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள்.

ஒரு கிலோ இறைச்சிக்கு மல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு இரண்டு மேசைக்கரண்டி, நற்சீரகமும் பெருஞ்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, பச்சரிசி ஒரு மேசைக்கரண்டி, தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றைத் தனித்தனியாக, கோப்பி நிறம் வரும் வரை வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். விரல் நீளக் கறுவாப்பட்டை, நான்கு கராம்பு, ஐந்து ஏலக்காய் போதும். கொறுக்காப்புளி (குடம்புளி வகை) நான்கு துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தெடுங்கள். கொழுப்பை நீக்கிய இறைச்சி வறண்டிருக்கும் என்பதால் தேங்காயெண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். எண்ணெயில் கால் கிலோ சின்ன வெங்காயம், பன்னிரண்டு பல் பூண்டு, இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொன்னிறமாக வதக்கி, இறைச்சியையும் தூளையும் புளியையும் உப்பையும் சேர்த்து வேகவைத்து, கடைசியில் மூடியைத் திறந்து நீர் வற்றும் வரை பிரட்டியெடுங்கள். எண்ணெய் பிரிந்து, கறி கறுத்து, துண்டுகளின் ஓரம் சற்று முறுகும்போது இறக்கி, சூடு தணிந்த பின் தேசிக்காய்ச் சாறு பிழியுங்கள். தேங்காய்ப்பால் விட்ட குழம்பாக முதன்முறை வைக்காதீர்கள், பாலின் இனிப்பில் வாடை எடுபட்டுத் தெரியும்.

பரிமாறும்போது அதைப் பிரதான கறியாக்க வேண்டாம். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு, லீக்ஸ் வதக்கல் எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். பன்றிப் பிரட்டல் ஒரு சிறு கிண்ணத்தில் நடுவில் இருக்கட்டும். துண்டுகள் பாக்களவுக்கு மேல் பெரிதாக வேண்டாம். "காட்டுப்பன்றி வைத்திருக்கிறேன், கொழுப்பெல்லாம் எடுத்துவிட்டேன், விருப்பமிருந்தால் ஒரு துண்டு பாருங்கள்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு அவர் தட்டைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கட்லட் பொருந்தும். வேகவைத்து உதிர்த்த இறைச்சியோடு அதே அளவு மசித்த உருளைக்கிழங்கும் பொடியாக அரிந்த லீக்ஸும் மிளகும் சேர்த்து உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டிப் பொரித்தால் போதும். அங்கும் பெயரைச் சொல்லியே கொடுங்கள்.

முதன்முறை ஒரு வேளைக்கு மட்டும் சமைப்பது நலம். மிச்சமான கறியை மறுநாள் சூடாக்கும்போது, சதையில் எஞ்சிய கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கடித்த வாடை எழும். அந்த மறுநாள் வாடையிலேயே என் மாமியார் இரண்டு முறை பின்வாங்கினார். மிஞ்சினால் அதைக் கொதிக்க வைக்காமல், வெங்காயமும் பச்சை மிளகாயும் மிளகும் சேர்த்து, சூடான எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்தெடுங்கள். கழித்துப்போட்ட கொழுப்பையும் எலும்பையும் இறைச்சி கழுவிய தண்ணீரையும் வளர்ப்புப் பன்றிகளுக்கு ஊற்றக்கூடாது. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது, ஆனால் இத்தகைய பச்சைக் கழிவின் வழியாக ஒரு பட்டிக்குள் நுழைந்தால் பன்றிகளைக் கூட்டமாகக் கொன்றுவிடும். நாய்கள் தோண்டி இழுக்காதபடி முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, மேலே சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.