அடுக்குமாடி வீட்டில் தேசியக் கொடி ஏற்றுவது எப்படி? இடம், அனுமதி, கம்பம், முடிச்சு

ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். கொடி எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. வெளிச்சுவரில் துளை போட்டது யார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும், இரண்டாவது கேள்வி பொதுக்குழுக் கூட்டம் வரை போகும். குடியிருப்போர் நலச் சங்கத்தில் இரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்த காலத்தில், தேசியக் கொடியே கூடாது என்று யாரும் என்னிடம் வந்து நின்றதில்லை. கம்பம் எங்கே நிற்கிறது, எந்தச் சுவரில் அறையப்பட்டிருக்கிறது, காற்றில் யார் வீட்டு ஜன்னலில் மோதுகிறது என்பவற்றுக்காகத்தான் வந்தார்கள். அதனால் இந்த விளக்கத்தில் கொடி வாங்குவதை மூன்றாம் படியாக வைத்திருக்கிறேன். பெரும்பாலோர் அதைத்தான் முதலில் செய்துவிட்டு, பிறகு இடம் தேடுகிறார்கள்.

தொடங்கும் முன்: உரிமை எதுவரை?

தனிமனிதர்கள் ஆண்டு முழுவதும் தங்கள் இடத்தில் தேசியக் கொடி ஏற்றுவது ஒரு காலத்தில் அனுமதிக்கப்படவில்லை. தொழிலதிபர் நவீன் ஜிண்டால், ராய்கரில் இருந்த தம் தொழிற்சாலை வளாகத்தில் கொடி ஏற்றியதற்கு அதிகாரிகள் தடை சொன்னபோது, அவர் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய் 1995இல் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பொதுமக்களும் தனியார் அமைப்புகளும் எல்லா நாள்களிலும் கொடியேற்றலாம் என்றாயிற்று. 2004 ஜனவரி 23 அன்று உச்சநீதிமன்றம், மரியாதையோடும் கண்ணியத்தோடும் தேசியக் கொடியைப் பறக்கவிடுவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவின் கீழ் வரும் கருத்து வெளிப்பாட்டு உரிமை என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் கூறியது. விதித்தொகுப்பு சட்டம் ஆகாது, ஆனாலும் பின்பற்ற வேண்டிய வழிகாட்டுதல் என்பதையும் அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது. கொடியைப் பொது இடத்தில் எரிப்பது, கிழிப்பது, அவமதிப்பது ஆகியவை வேறு கணக்கு. அவற்றுக்கு 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

இந்தத் தீர்ப்பைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு கொடியேற்றும் உரிமையைத் தந்திருக்கிறது. நாற்பது வீட்டாருக்கும் பொதுவான சுவரில் டிரில் போடும் உரிமையை அதில் தேடினால் கிடைக்காது.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து, வீட்டின் பரப்பளவையும் நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பாகத்தையும் சொல்லும் பகுதியைப் படியுங்கள். பொதுவாக வீட்டின் உட்பகுதியும் பால்கனியும் உங்கள் தனி உபயோகத்துக்கு உரியவை. வெளிச்சுவர், மொட்டைமாடி, படிக்கட்டு, நுழைவாயில், தோட்டம் முதலியவை எல்லோருக்கும் பொதுவானவை. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் மொட்டைமாடியைத் தங்கள் வீட்டின் தொடர்ச்சியாகவே நினைத்துக்கொள்வது வழக்கம், ஆனால் பத்திரம் வேறு விதமாகச் சொல்லாத வரை அது அனைவருக்கும் பொது. வாடகைக்கு இருப்பவர்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்பிச் சம்மதம் பெற்றுக்கொண்டால் போதும்.

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் பால்கனியின் கைப்பிடிக் கம்பியே ஏற்ற இடம். துளை வேண்டாம், ஏணி வேண்டாம், மறுநாள் கழற்றிவிடலாம். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பி கை எட்டும் தூரத்தில் போனால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். கொடி விரிந்து பறக்கும்போது பக்கத்து வீட்டு ஜன்னலையோ ஏசி இயந்திரத்தையோ தொடுமா என்று ஒரு துண்டைக் கட்டிச் சோதியுங்கள். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: மேல்வீட்டில் துணி உலர்த்தும் கயிறு. உங்கள் தேசியக் கொடிக்கு நேர் மேலே ஈரப் போர்வை சொட்டிக்கொண்டிருந்தால் கொடிக்குரிய கௌரவமான இடம் என்று அதைச் சொல்ல முடியாது. மேல்வீட்டு அம்மாவிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

தனிவீட்டில் இருப்பவர்கள் கம்பத்தைச் சுற்றுச்சுவருக்கு உள்ளேயே நடுங்கள். நடைபாதையோ தெருவோரமோ உங்களுடையதல்ல. பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை அகற்றும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகு, தெருவில் நிற்கும் எந்தக் கம்பமும் எளிதில் கண்ணில் படும்.

இரண்டாம் படி: சங்கத்துக்கு ஒரு கடிதம்

உங்கள் சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முகப்புத் தோற்றம், வெளிச்சுவர், பொது இடம் ஆகியவற்றைப் பற்றிய விதிகள் அதில்தான் இருக்கும். பால்கனிக்குள்ளேயே கட்டுவதற்குப் பெரும்பாலும் அனுமதி தேவைப்படாது, ஆயினும் எழுதிக் கொடுத்துவிடுவது பின்னாளைய பேச்சுகளைத் தவிர்க்கும். நான் செயலாளராக இருந்தபோது மறுவார்த்தை இல்லாமல் ஒப்புதல் தந்த கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"செயலாளர் அவர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் 13 முதல் 15 வரை எங்கள் பால்கனிக் கைப்பிடிக் கம்பியில் ஒன்றரை அடிக்கு ஓரடி அளவுள்ள தேசியக் கொடியைக் கட்ட விரும்புகிறோம். சுவரில் துளையிட மாட்டோம். கம்பம் வெளியே இரண்டடிக்கு மேல் நீளாது. பலத்த காற்று வீசினால் உடனே இறக்கிவிடுவோம். 16ஆம் தேதி காலைக்குள் கம்பத்தையும் அகற்றிவிடுவோம். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம்."

அளவு, இடம், காலம், அகற்றும் நாள் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. தேசபக்தியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதற்கு நேர்மாறாக, கொடிக்குத் தடை சொல்பவர் தேசவிரோதி என்ற தொனியில் இரண்டு பக்கம் எழுதியிருந்த ஒரு கடிதம், அதை ஆதரிக்க நினைத்தவர்களையும் வாயடைக்க வைத்துவிட்டது.

மொட்டைமாடியில் நிரந்தரக் கம்பம் வேண்டுமென்றால் தனிக் கடிதம் போதாது. அது பொதுக்குழுவில் தீர்மானமாக வர வேண்டும். செலவு யாருடையது, இடிதாங்கிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எவ்வளவு தள்ளி நிற்கும், தினமும் யார் கவனிப்பது என்பன பதிவாக வேண்டும். தளத்தில் துளையிட்டுக் கம்பத்தை இறுக்கினால் அடுத்த ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கும். துளையில்லாமல் கான்கிரீட் பீடம் ஒன்றை வார்த்து அதில் கம்பத்தை நிறுத்துவது பாதுகாப்பு, ஆனால் அதன் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: கொடி வாங்குதல்

கையால் நூற்று நெய்த துணிதான் வேண்டும் என்ற கட்டுப்பாடு 2021 டிசம்பரில் தளர்ந்தது. இப்போது பருத்தி, பாலியெஸ்டர், கம்பளி, பட்டு, கதர் ஆகிய எதிலும், கையாலோ இயந்திரத்தாலோ செய்த கொடி ஏற்றதே. கதர்க் கொடி பார்க்க அழகு, மழையில் கனத்துத் தொங்கும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் உருவாகும் கதர்க் கொடிகள் தரமுத்திரையோடு வருகின்றன. வீட்டுக்குள் சுவரில் வைக்க அதையும், திறந்த பால்கனிக்குப் பாலியெஸ்டரையும் நான் பரிந்துரைப்பேன்.

கடையில் விரித்துப் பாருங்கள். நீளமும் உயரமும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். மூன்று பட்டைகளும் ஒரே அகலம். நடுவில் கருநீலச் சக்கரம், அதில் 24 ஆரங்கள், இரு பக்கமும் தெரிய வேண்டும். 900 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டர் கொடியில் சக்கரத்தின் விட்டம் 185 மில்லிமீட்டர், அதாவது வெள்ளைப் பட்டையின் விளிம்புகளைத் தொடாமல் சற்றே உள்ளடங்கி நிற்கும். மலிவுக் கொடிகளில் சக்கரம் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும், அல்லது நீள்வட்டமாக இருக்கும். கிரிக்கெட் ஆட்டத்துக்காக எழுத்து அச்சிட்ட கொடிகளை எடுக்காதீர்கள், கொடியில் எந்த எழுத்தும் கூடாது.

நான்காம் படி: கம்பமும் கட்டும் முறையும்

ஒன்றரை அடிக் கொடிக்கு நான்கடி மூங்கிலோ கனமான குழாயோ போதும். மெல்லிய பிவிசி குழாய் காற்றில் வளையும். கம்பத்தைக் கைப்பிடிக் கம்பியோடு இரண்டு இடங்களில், ஓரடி இடைவெளி விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரே இடத்தில் மட்டும் கட்டினால் கம்பம் சுழலும். ஆடிக்காற்றின் வால் ஆகஸ்ட் நடுவிலும் வீசும் என்பதை மறக்க வேண்டாம்.

காவி மேலே, பச்சை கீழே என்பது எல்லோருக்கும் தெரியும். குழப்பம் வருவது கம்பம் சாய்ந்திருக்கும்போதும் கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிடும்போதும்தான். பால்கனியிலிருந்து சாய்வாகவோ கிடைமட்டமாகவோ நீட்டினால் காவிப் பட்டை கம்பத்தின் தொலைநுனியில் இருக்க வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால், எதிரே நின்று பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் காவி வர வேண்டும். அதே கம்பத்தில் கட்சிக் கொடி, கோயில் கொடி எதுவும் சேரக் கூடாது. வேறு கொடி அதைவிட உயரத்திலோ அதற்கு இணையாகவோ இருக்கவும் கூடாது. கம்பத்தின் உச்சியில் மாலை சுற்றுவதும் தவறு. ஆனால் விரிப்பதற்கு முன் கொடிக்குள் பூவிதழ் வைத்து மடிக்கலாம்.

ஐந்தாம் படி: ஏற்றுதல்

கயிறு உள்ள கம்பமாக இருந்தால் முதல்நாள் மாலையே ஒத்திகை பாருங்கள். 2022இல், வீடுதோறும் மூவர்ணக் கொடி என்று நாடே கொண்டாடிய ஆண்டில், எங்கள் வளாகக் கம்பத்தில் கொடியை மடித்துக் கட்டியவன் நான். காலையில் மூத்த குடியிருப்பாளர் ஒருவர் கயிற்றை இழுத்தார், கொடி உச்சிக்குப் போயிற்று, முடிச்சு அவிழவில்லை. அவர் மேலும் இழுக்க, பொட்டலம் இன்னும் இறுகியது. குழந்தைகள் பாதிப் பாட்டைப் பாடி முடித்திருந்தார்கள். இறக்கி, கையால் பிரித்து, மறுபடி ஏற்றினோம். நான் போட்டிருந்தது சாதாரண இரட்டை முடிச்சு. போட வேண்டியது உருவு முடிச்சு: கொடியை நீளவாக்கில் மடித்துச் சுருட்டி, கயிற்றை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை முழுவதும் உள்ளே இழுக்காமல் காதுபோல மடித்துச் செருக வேண்டும். ஷூ நாடாவில் ஒரு பக்கத்துக் காது எப்படி ஒரே இழுப்பில் அவிழ்கிறதோ அப்படி. நைலான் கயிறு வழுக்கும், பருத்திக் கயிறு பனியில் நனைந்தால் இறுகும். ஆகவே அதிகாலையிலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஏற்றும்போது விரைவாகவும் இறக்கும்போது மெதுவாகவும் என்பது மரபு. கொடி தரையையோ தண்ணீரையோ தொடாதிருக்க, கீழே ஒருவர் கைகளில் ஏந்தி நிற்கட்டும்.

ஆறாம் படி: இரவு, மழை, பழைய கொடி

சூரிய உதயம் முதல் மறைவு வரை மட்டுமே பறக்கலாம் என்ற விதி 2022 ஜூலையில் மாற்றப்பட்டு, வீடுகளில் இரவும் பகலும் பறக்கலாம் என்றாயிற்று. அனுமதி இருக்கிறது என்பதற்காக மழைக்காற்றில் விட்டுவைக்க வேண்டியதில்லை. கிழிந்த கொடியோ வெளுத்துக் கசங்கிய கொடியோ பறப்பதைத்தான் விதி தடுக்கிறது. நம் ஊர் வெயிலில் மலிவான பாலியெஸ்டர் கொடி சில வாரங்களில் வெளுத்துவிடும். செப்டம்பர் கடைசியில் பால்கனிகளை நிமிர்ந்து பார்த்தால் காவி மஞ்சளாகியிருப்பதைக் காணலாம்.

இறக்கிய கொடியைக் கிடைமட்டமாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு இருபுறமிருந்தும் உள்நோக்கி மடித்தால் சக்கரமும் அதன் மேலும் கீழும் சிறிது காவியும் பச்சையும் மட்டும் தெரியும். அப்படியே அலமாரியில் வையுங்கள். பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்த கொடியைக் குப்பைக்கூடையில் போடுவதும் துடைக்கும் துணியாக்குவதும் கூடாது. தனிமையில், முழுமையாக, எரித்தோ கண்ணியமான வேறு முறையிலோ அழிக்க வேண்டும். அடுக்குமாடியில் தீ மூட்டினால் புகை எச்சரிக்கை மணி அடித்து மறுபடி சங்கக் கடிதத்தில் போய் நிற்கும் என்பதால், எங்கள் குடியிருப்பில் அலுவலக அறையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பழைய கொடிகளை மடித்து அதில் சேர்த்துவைத்து, ஆண்டுக்கொரு முறை, காவலாளியும் செயலாளரும் மட்டும் இருந்து, பின்புறத் தோட்டத்தில் விடியற்காலையில் எரித்துச் சாம்பலை மண்ணில் புதைக்கிறார்கள்.