முதல் ஏர் ரைஃபிள்: காசை எதில் முதலில் போடுவது?

மாங்காய் சீசன் முடிந்து கையில் நாலு காசு நிற்கும் நேரத்தில்தான் காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெற்றோர்கள் என்னிடம் வருவார்கள். "சார், இளவேனில் வாலறிவன் மாதிரி சுடணும்னு பாப்பா ஒரே அடம். எந்த ஏர் கன் வாங்கலாம்?" பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பிள்ளைகளுக்குப் பத்து மீட்டர் சுடுதல் சொல்லித் தருகிறேன். கேட்கிற எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்வேன்: துப்பாக்கி கடைசியில், குண்டு போய் நிற்கிற இடம் முதலில்.

அதற்கும் முன்னால் சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 4.5 மி.மீ. குழல் அளவும் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. கடையில் அடையாள அட்டை கேட்டால் கொடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் சிலர், "அமெரிக்காவில் சுட்டு முடிந்த தோட்டாக் கூட்டில் வீட்டிலேயே மருந்தும் குண்டும் நிரப்பிக்கிறாங்களே, நாமும் செய்யலாமா?" என்று கேட்பதுண்டு. கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். தோப்பில் குரங்கையும் மயிலையும் விரட்டலாம் என்று ஏர் கன் வாங்குகிறவர்களுக்கு நான் உதவி செய்வதில்லை. அவற்றைச் சுடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பாவமும்கூட.

சரி, குண்டு நிற்கும் இடத்துக்கு வருவோம். நம் ஊரில் எங்கே திரும்பினாலும் கிரானைட் துண்டு கிடக்கும். "இவ்வளவு கெட்டியான கல், இதைவிட வேறென்ன வேணும்?" என்று அதைச் சுவரில் சாய்த்து, மேலே இலக்கு அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கல்லில் நேராகப் பட்ட ஈயக் குண்டு சிதறி, சில்லாகச் சுட்டவர் முகத்துக்கே திரும்பும். கருங்கல், செங்கல், காங்கிரீட் எல்லாமே அப்படித்தான்.

ஓர் அடி ஆழத்துக்கு மரப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் 3 மி.மீ. இரும்புத் தகடு. அதற்கு முன்னால் பழைய பருத்திச் சேலை, லுங்கி, துண்டு என்று கிடைப்பதையெல்லாம் காலால் மிதித்து இறுக்கி அடையுங்கள். முன்பக்கத்தில் அட்டை. ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டே இருந்தால் துணிக்குள் குகை மாதிரி ஓட்டை விழும், அதனால் அடிக்கடி பிரித்து மறுபடி அடைய வேண்டும். இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பெட்டிக்குப் பின்னால் முழுச் சுவர் வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் போதாது, அதற்கு அந்தப் பக்கம் தெரு இருக்கிறது. இடையில் திறக்கிற கதவு எதுவும் இருக்கக் கூடாது. சுடுகிறவர், பக்கத்தில் நிற்கிறவர் இருவருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம்.

இனி ரைஃபிள். சக்தி அதிகமானதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். பத்து மீட்டரில் அட்டையைத் துளைக்க 7, 8 ஜூல் தாராளம். பன்னாட்டுப் போட்டி ரைஃபிள்களே ஏறக்குறைய அந்த அளவுதான். அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மி.மீ. அகலம். பலத்துக்கு அங்கே என்ன வேலை?

குழலை மடக்கி இழுக்கிற ஸ்பிரிங் ரைஃபிள் விலை குறைவு, பம்ப் வேண்டாம். ஆனால் சுடும்போது உள்ளே பிஸ்டன் ஓடி உதறும், பிடி மாறினால் குண்டும் இடம் மாறும். குண்டு போடாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டன் முட்டி உடையும். காற்று அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைஃபிளில் உதறல் மிகக் குறைவு. போட்டிக்குப் போவதென்றால் அதுதான். அதற்கு 200 பார் வரை அழுத்தம் ஏற்றும் கைப்பம்போ சிலிண்டரோ தனியாக வாங்க வேண்டும். மாவட்டப் போட்டி வரைக்கும் போவாளா என்று தெரியாத பிள்ளைக்கு முதல் வருடம் ஸ்பிரிங் போதும் என்பது என் எண்ணம். டெலஸ்கோப் வேண்டாம், பத்து மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதி கிடையாது. பீப் சைட், அதாவது சிறு துளை வழியாகக் குறி பார்க்கும் கருவி, பொருத்த வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ரைஃபிளின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, முன்கையைக் குழல் பக்கமாக நீட்டச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரைத் தொட்டால் அளவு சரி. எட்டவில்லை என்றால் கட்டை நீளம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்க இடுப்பை வளைத்து நிற்கும். அந்த நிலை பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எடையையும் அப்படியே பாருங்கள்: தோளில் வைத்து ஒரு நிமிடம் கை நடுங்காமல் நிற்க முடிகிறதா?

பெல்லட்டில், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டில், மிச்சம் பிடிக்காதீர்கள். பத்து மீட்டருக்குத் தட்டைத் தலைப் பெல்லட்தான், அட்டையில் வட்டமாக வெட்டி ஓட்டை போடும். ரைஃபிளுக்கு 0.53 கிராம் எடை பொதுவானது. தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று டப்பாவில் எழுதியிருக்கும்; எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்று சுட்டுத்தான் தெரியும். இரண்டு மூன்று வகை வாங்கி, ஒரு வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். ஒவ்வொன்றின் பின்விளிம்பையும் பாருங்கள். மெல்லிய ஈயம், லேசாக இடித்தாலே நெளியும். நெளிந்ததை ஒதுக்குங்கள், ஏற்கெனவே சுட்டதைத் திரும்பப் போடவே கூடாது. காற்றில்லாத இடத்தில் மேசைமேல் அரிசிப் பை வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து குண்டு, தனித்தனி அட்டையில். எது நெருங்கி விழுகிறதோ அதுதான் உங்களுடையது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் தொட்ட கையோடு முறுக்கு எடுக்கக் கூடாது. அப்புறம் கடைக்குப் போய் அதே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) இன்னும் சில டப்பா வாங்கி வையுங்கள். லாட் மாறினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.