ஹைட்ரேட் சோதனையில் உப்புக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீத்தேன் ஹைட்ரேட் என்பது நீர்க் கூண்டுகளுக்குள் மீத்தேன் வாயு அடைபட்ட, பனிக்கட்டி போன்ற திண்மம். அதை அழுத்தக்கலனில், உவர்நீரில் நனைந்த மணலில் வளர்த்து, பிறகு சூடாக்கிச் சிதைத்துப் பார்க்கிறோம். சென்ற வாரம் ஒரு மாணவி அந்தக் கலனைப் பிரிக்க ஸ்பேனரை எடுத்துவிட்டார். "வெப்ப உணரி கெட்டுவிட்டது சார். இரண்டு டிகிரி முன்னதாகவே ஹைட்ரேட் சிதையத் தொடங்குகிறது" என்றார். ஒரு காலத்தில் இதையே சொல்லி நானும் கலனைப் பிரித்தேன். வாயுக் கசிவு, குளிரூட்டிக் கோளாறு எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கின்றன. நான் உப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொடக்க உப்பையே கடைசிவரை நம்புவது

மீத்தேன் ஹைட்ரேட்டின் ஓர் அலகில் 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து எட்டுக் கூண்டுகளைக் கட்டுகின்றன. சோடியத்துக்கும் குளோரைடுக்கும் அங்கே இடமில்லை. அவை மிச்ச நீரிலேயே தங்கிவிடும். 3.5 சதவீத உவர்நீரில் பாதி நீர் ஹைட்ரேட்டானால், மணல் இடுக்கில் மிஞ்சுவது 6.8 சதவீத உவர்நீர். உப்பு ஏற ஏற ஹைட்ரேட் நிலைக்கும் வெப்பநிலை இறங்குகிறது. ஒரு கட்டத்தில், வாயு தாராளமாக இருந்தும் வளர்ச்சி தானாகவே நின்றுவிடும்.

சூடாக்கும்போதும் இதே கதைதான். எந்த அழுத்தத்தில் எந்த வெப்பநிலைவரை ஹைட்ரேட் நிலைக்கும் என்று காட்டும் கோடு, ஒவ்வோர் உப்பு அளவுக்கும் வரைபடத்தில் தனியாக உண்டு. முதல் சிதைவு அந்த 6.8 சதவீத நீருக்குரிய கோட்டில் தொடங்கும். வெளிவரும் நன்னீர் உப்பை நீர்க்கச் செய்ய, கடைசித் துணுக்கு மறையும் புள்ளிதான் 3.5 சதவீதக் கோட்டில் வந்து அமரும். அன்று எனக்கு இது புரியவில்லை. உணரியைக் கழற்றிப் பனிக்கட்டி நீரில் வைத்தேன். சரியாகப் பூஜ்யம் காட்டியது. அப்போதும் நம்பாமல் இன்னொன்றை மாற்றினேன். நாற்பது நாள் வளர்த்த மாதிரி சீறிக்கொண்டே வீணானது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நீர் மிச்சம் என்று, ஹைட்ரேட்டுக்குள் போன வாயுவின் கணக்கிலிருந்து எடுத்து, உப்பைத் திருத்துங்கள்.

மாணவியை இரவு முழுக்கக் காத்திருக்கச் சொன்னேன். கடைசிப் புள்ளி கோட்டின் மேலேயே விழுந்தது.

தூய நீர் வரைபடத்தைக் கடலுக்குப் பொருத்துவது

ஒரு டிகிரிக்கு மேல் பிசகும். வேண்டாம்.

கடல்நீரையே ஒப்பீட்டு அளவாக வைப்பது

2006-இல் கிருஷ்ணா–கோதாவரி படுகையில் எடுத்ததைப் போன்ற வண்டல் மாதிரிகள் மேலே வரும்போது ஹைட்ரேட் சிதைந்து துளைநீரின் (வண்டல் துகள்களுக்கு இடையே உள்ள நீரின்) குளோரைடு குறையும். அந்தச் சரிவை வைத்துத்தான் எவ்வளவு ஹைட்ரேட் இருந்தது என்று கணக்கிடுகிறோம். ஆனால் எதிலிருந்து சரிந்தது? கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 559 மில்லிமோல். ஒரிகன் கரைக்கு அப்பால் ஹைட்ரேட் ரிட்ஜ் என்ற கடலடி மேட்டின் உச்சியில் 2002-இல் துளையிட்டபோது, கடல்தளத்துக்குச் சற்றுக் கீழேயே அது 1,300-ஐத் தாண்டியிருந்தது. ஒதுக்கப்பட்ட உப்பு பரவி வெளியேறும் முன்பே ஹைட்ரேட் வேகமாக வளர்கிற இடம் அது. அங்கே 560 என்று அளந்து "ஹைட்ரேட்டே இல்லை" என்று எழுதினால், பாதிக்கு மேல் சரிந்ததைக் கவனிக்காமலே விட்டுவிடுவோம்.

அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவது

சிதைவு வெப்பத்தை உறிஞ்சுகிறது. 2.6 மெகாபாஸ்கலுக்குக் கீழே போனால், அப்போதுதான் பிறந்த நன்னீர் உப்போடு கலக்கும் முன்பே உறைந்து மணல் இடுக்கை அடைத்துவிடும். படிப்படியாக இறக்குங்கள், மணலின் நடுவே வெப்பநிலை நிலைத்த பிறகே அடுத்த படி.