திறந்தவெளிச் சுரங்கத்தில் ஓட்டுநரில்லா டம்பர்களை அறிமுகப்படுத்துவது எப்படி?

கோமட்சு நிறுவனத்தின் தானியங்கி டம்பர்கள் (வெட்டிய தாதுவையும் மண்ணையும் சுமந்து சென்று கொட்டும் பெரிய லாரிகள்) 2008-ஆம் ஆண்டிலேயே சிலி நாட்டில், அரசுச் சுரங்க நிறுவனமான கொடெல்கோவுக்குச் சொந்தமான கேப்ரியேலா மிஸ்ட்ரால் செப்புச் சுரங்கத்தில் வணிக அளவில் ஓடத் தொடங்கிவிட்டன. அதே ஆண்டின் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனத்தின் வெஸ்ட் ஏஞ்சலஸ் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் சோதனை ஓட்டம் தொடங்கியது. பின்னர் ஃபோர்டெஸ்கியூ, பி.எச்.பி. ஆகிய நிறுவனங்கள் கேட்டர்பில்லரின் வண்டிகளோடு அதே பகுதியில் களமிறங்கின. ஆகவே, இன்று இந்த முறைக்கு மாற விரும்பும் நிர்வாகம் வண்டி தானே ஓடுமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. அது ஓடுவதற்கு ஏற்றபடி தன் சாலைகளையும் வரைபடங்களையும் ஆட்களின் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளத் தன்னால் முடியுமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் தகுதி பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு மென்பொருள், கம்பியில்லாக் கோபுரங்கள், நில அளவைக் கருவிகள், பயிற்சி ஆகியவற்றுக்கான செலவு வண்டிகளின் எண்ணிக்கை குறைந்தாலும் பெரிதாகக் குறையாது. பல ஆண்டுகள் ஆயுள் மிச்சமுள்ள, இருநூறு முந்நூறு டன் சுமக்கும் டம்பர்கள் இரவு பகலாக ஓடும் பெரிய சுரங்கத்தில்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும். ஷிஃப்ட் மாறும்போதும் சாப்பாட்டு வேளையிலும் வண்டி நிற்காமல் ஓடுவதுதான் முக்கியமான ஆதாயம். ஐந்தாறு டிப்பர்கள் ஓடும் கல்குவாரிக்கு இது தேவையே இல்லை. நெய்வேலியைப் போல, சக்கர வாளி இயந்திரம் வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் கன்வேயர் பட்டையே கொண்டுசெல்லும் இடங்களில் டம்பரைப் பற்றிய இந்தக் கேள்விக்கு முக்கியத்துவம் குறைவு.

வண்டிகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சாலைப் பணியைத் தொடங்கிவிட வேண்டும். மனித ஓட்டுநர் பள்ளத்தைக் கண்டால் தன்னையறியாமலே சற்று ஒதுங்கிப் போவார். ஒரு வண்டி போன தடத்திலேயே அடுத்த வண்டி அப்படியே போவதில்லை. தானியங்கி டம்பரோ, ஜி.பி.எஸ். காட்டும் கோட்டைப் பிசகாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நடையிலும் அதே தடத்தில் சக்கரத்தைப் பதிக்கிறது. இதனால் சாலையில் வண்டித்தடம் விரைவில் ஆழமாகிவிடும். செல்லும் கோட்டை அவ்வப்போது பக்கவாட்டில் நகர்த்தும் வசதி மென்பொருளில் இருந்தால் அதைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்த வேண்டும். சாலையைச் சமன்செய்யும் கிரேடர் ஓடும் நேர அட்டவணையையும் புதிதாக வகுக்க வேண்டும். முன்னே சென்ற வண்டியிலிருந்து விழுந்த பாறையைக் கண்டால் தானியங்கி வண்டி நின்றுவிடும், அதன் பின்னால் வருபவையும் வரிசையாக நிற்கும். எனவே மண்ணை அள்ளி டம்பரில் ஏற்றும் ஷவல் இயந்திரத்தின் ஆபரேட்டர் பாரத்தைச் சீராக ஏற்றுவதுகூட இனி சாலைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

ஈரத்துக்குத் தனியாக ஒரு நடைமுறை வேண்டும். பில்பாராவில் பி.எச்.பி.யின் ஜிம்பிள்பார் சுரங்கத்தில் 2019-இல் கனமழைக்குப் பிறகு இரண்டு தானியங்கி டம்பர்கள் மோதிக்கொண்டன. அனுபவமுள்ள ஓட்டுநர் சாலையின் நிறத்தைப் பார்த்தே வேகத்தைக் குறைத்துவிடுவார். இயந்திரத்துக்கு அதை யாராவது சொல்ல வேண்டும். மழை தொடங்கினால், அல்லது தூசியடக்கத் தண்ணீர் லாரி அளவுக்கு மீறித் தெளித்துவிட்டால், எந்தச் சாலைத்துண்டில் வேகவரம்பைக் குறைப்பது, அதை முடிவு செய்பவர் யார், மறுபடி உயர்த்த அனுமதிப்பவர் யார் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மழை கொட்டும்போது கூடிப் பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது.

கம்பியில்லா வலையமைப்பில் தொடர்பு அறுந்தால் டம்பர் தானாக நின்றுவிடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அது பாதுகாப்பானதுதான் என்றாலும், உற்பத்தியும் அதோடு நிற்கும். சுரங்கம் ஆழமாக ஆழமாக உயர்ந்த சுவர்களின் மறைவில் அலை எட்டாத இடங்கள் உருவாகும். டிரெய்லர்களில் பொருத்திய கோபுரங்களை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருக்கும். வெடி வைக்கும்போதும் அவற்றை நகர்த்த வேண்டும். புதிய தளத்தைத் திறப்பதற்கு முன் அங்கே அலைவரிசையின் வலிமையை அளந்து பார்ப்பதைச் சுரங்கத் திட்டத்திலேயே ஒரு கட்டாயப் படியாகச் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது வரைபடம். மிகுந்த கவனம் கோரும் வேலை இதுதான் என்பது என் கருத்து. டம்பர் தன் வழியையும் எல்லையையும் வரைபடத்தைக் கொண்டே அறிகிறது. நிலத்தில் மண்வரம்பை மண் தள்ளும் டோசர் இயந்திரம் பத்து மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு, வரைபடத்தில் பழைய கோடே இருந்தால், வண்டி பழைய கோட்டைத்தான் நம்பும். ஆகவே நில அளவையாளர் பதிவு செய்து, இன்னொருவர் சரிபார்த்து, கட்டுப்பாட்டு அறை ஏற்றுக்கொள்ளும் வரை எந்தப் புதிய சாலையையும் சந்திப்பையும் திறக்கக் கூடாது.

தானியங்கி வண்டிகள் ஓடும் பகுதியை மண்வரம்பு, அறிவிப்புப் பலகை, வாயில் ஆகியவற்றால் பிரித்துவிட வேண்டும். உள்ளே நுழையும் கிரேடர், தண்ணீர் லாரி, மேற்பார்வையாளரின் ஜீப் என ஒவ்வொன்றிலும் இருப்பிடம் காட்டும் கருவியும், டம்பர்கள் அடுத்துச் செல்லப்போகும் பாதையைக் காட்டும் திரையும் இருக்க வேண்டும். கருவி இல்லாத வண்டி, கருவியுள்ள துணை வண்டியோடு மட்டுமே வரலாம். அவசர நிறுத்தக் கருவியை உள்ளே செல்பவர்கள் கையோடு வைத்திருப்பதும், ஷிஃப்ட் தொடக்கத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பதும் கட்டாயம். ரேடியோ அலையாலும் லேசர் ஒளியாலும் தடைகளைக் கண்டறியும் ரேடாரும் லிடாரும்தான் வண்டியில் இருக்கின்றனவே, பிறகு எதற்கு இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஜிம்பிள்பாரிலேயே 2014-இல், ஆள் ஓட்டிய தண்ணீர் லாரி ஒன்று சந்திப்பில் திரும்பியபோது தானியங்கி டம்பரோடு மோதியது. டம்பரின் கருவிகள் லாரியைக் கண்டுகொண்டன. ஆனால் மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு நேரம் இருக்கவில்லை. உணர்கருவிகளைக் கடைசி அரணாக மட்டுமே கொள்ள வேண்டும்.

ஆட்களைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து கணினி வல்லுநர்களை அழைத்து வருவதைவிட இருக்கும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பயன் தரும். எந்த ஏற்றத்தில் வண்டி திணறும், எந்த வளைவில் தூசி கண்ணை மறைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ரியோ டின்டோ தன் சுரங்கங்களைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்த் நகரத்து மையத்திலிருந்து கவனிக்கிறது; அப்படி இருந்தும், நின்றுபோன வண்டியை நேரில் சோதித்து மறுபடி கிளப்பக் களத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. வேலை பறிபோகுமோ என்ற அச்சம் இயல்பானது. யாருக்கு எந்த வேலை, யாருக்கு இல்லை என்பதை வண்டிகள் வந்திறங்கும் முன்பே தொழிற்சங்கத்தோடு வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு ஷவல், கொட்டுமிடம் ஒன்று, சில டம்பர்கள் என்று தனியாக ஒதுக்கிய ஒரு குழியில் ஆரம்பிக்கலாம். ஆள் ஓட்டும் டம்பர்களை அதே பகுதியில் கலந்து ஓட்டக் கூடாது. விதிமுறைகளை வகுக்க, 2017-இல் வெளியாகி 2019-இல் திருத்தப்பட்ட, தானியங்கி இயந்திரப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 17757 சர்வதேசத் தரநிலையும், மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2015-இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையும் துணை நிற்கும்.

முதல் சில மாதங்களில் உற்பத்தி குறையக்கூடும் என்பதை மேலிடத்துக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் டன் கணக்கைவிட, வண்டிகள் நின்ற கணக்கே அதிகம் கற்றுத்தரும். பாறையா, தூசியா, அலைவரிசையா, ஷவலுக்கான காத்திருப்பா, எல்லைக்குள் நுழைந்த வாகனமா என்று ஒவ்வொரு நிறுத்தத்தையும் காரணத்தோடு பதிவு செய்து, வாரந்தோறும் அதிகம் வந்த காரணத்தை முதலில் களைய வேண்டும். அந்தப் பட்டியல் சுருங்கிய பிறகே இரண்டாவது குழிக்கு விரிவுபடுத்த வேண்டும். அதுவரையிலும் அதன் பிறகும், பழுதான வண்டியைக் கையால் ஓட்டிப் பணிமனைக்குக் கொண்டுவரத் தெரிந்த ஓட்டுநர்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும். அவர்களுடைய ஓட்டுநர் தகுதிச் சான்று காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் நிர்வாகத்தின் பொறுப்பு.