அம்பாசிடரின் பின்னச்சை மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

மழை விட்டதும் தேங்கிய நீரில் சக்கரங்களை நனைத்து, காய்ந்த தரையில் இருபதடி நேராக ஓட்டிவிட்டு, இறங்கி வந்து தடங்களைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் இரண்டு பக்கமும் முன்சக்கரத் தடத்தை விட்டு ஒரே அளவு விலகியிருந்தால் பின்னச்சு நேராக இருக்கிறது. ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே என்று விழுந்திருந்தால் வண்டி நண்டுபோல் சாய்வாக நடக்கிறது. என் அம்பாசிடர் அப்படித்தான் நடந்தது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்த பின்னச்சையும் அதைத் தாங்கப் புதிதாக அடித்து வாங்கிய கமான் பட்டைகளையும் (லீஃப் ஸ்பிரிங்) என் கையாலேயே மாட்டிவிட்டேன் என்ற பெருமையில் நான் திரிந்த வாரம் அது.

2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால், அம்பாசிடர் வைத்திருக்கும் யாரும் ஒருநாள் இந்த வேலையில் இறங்கித்தான் ஆகவேண்டும். பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு வேலை தொடங்குமுன்பே மனத்தில் நடந்துவிடுகிறது. “எப்படியாவது மாட்டிவிடுவோம், அலைன்மென்ட் கடையில் சரிசெய்துகொள்ளலாம்” என்று நினைத்துவிடுகிறார்கள். சரிசெய்ய முடியாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புக் கூடு பிணைத்திருக்கும் அச்சு இது. முன்சக்கரத்தில் இருப்பதுபோல் திருகி மாற்ற இதில் ஏதும் இல்லை. கடையின் கணினி பின்னச்சு எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று காட்டும்; அதோடு அதன் வேலை முடிந்தது. பணம் கட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, மறுபடியும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.

ஆகவே மாட்டும்போதே அளக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டுமுன் கொத்தனார் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்ப்பாரே, அதே கணக்குதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இருபுறமும் பட்டையின் முன் கண்ணை (முன்முனையில் சுருண்டிருக்கும் வளையத்தை) பிடித்திருக்கும் போல்ட்டின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். அச்சின் இரு முனைகளிலிருந்தும் அப்படியே குறியுங்கள். இடமும் வலமும் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். மூலைக்கு மூலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபெண்டர் விளிம்பிலிருந்தோ பம்பரிலிருந்தோ அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை இடிபட்டு, தட்டி நிமிர்த்தப்பட்ட தகடு அது என்று யாருக்குத் தெரியும்?

நான் தகட்டிலிருந்து அளக்கவில்லை, முறைப்படி போல்ட்டிலிருந்துதான் அளந்தேன். நீளமும் மூலையும் துல்லியமாகப் பொருந்தின. ஆனாலும் வண்டி கோணலாகப் போனது. நேர்சாலையில் ஸ்டியரிங் வலப்பக்கம் சற்றுத் திரும்பியே நின்றது. பட்டை அடித்துக் கொடுத்த பெரியவர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, நீங்கள் அளந்தது சரி. எதிலிருந்து அளந்தீர்களோ, அது சரியான இடத்தில் இருக்கிறதா?” டார்ச் அடித்துக் காட்டினார். இடப்பக்கம் பட்டையைத் தாங்கும் பிடிமானத்தில் பழைய வெல்டிங் தழும்பு, கம்பளிப்பூச்சிபோல் நெளிந்து கிடந்தது. எப்போதோ துரு பிடித்து அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர் 6 மில்லிமீட்டர் முன்னே தள்ளி ஒட்டிவிட்டார்.

அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அதனால் துரு பிடித்தால் அளவுகளும் கூடவே நகர்ந்துவிடும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே சுமார் 1350 மில்லிமீட்டர்; பட்டைகள் அதற்கும் உள்ளே இருப்பதால், 6 மில்லிமீட்டர் பிசகு கால் பாகைக்குச் சற்று மேல்தான். ஆனால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 2464 மில்லிமீட்டர். அந்தத் தூரத்துக்கு வரும்போது அது 11 மில்லிமீட்டருக்கும் மேலாக வளர்ந்துவிடுகிறது. நீர்த்தடத்தில் நான் பார்த்தது அதைத்தான். பட்டையின் பிடிமானங்களை நம்புமுன் அவற்றையே வண்டியின் முன்பக்கத்தில் பழுதுபடாத வேறிரண்டு துளைகளிலிருந்து சரிபார்த்துவிடுங்கள்.

கையால் அடித்த புதுப் பட்டை என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். முன் கண்ணிலிருந்து, தகடுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் வரை உள்ள நீளம் இரண்டு பட்டைகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மாட்டுமுன்பே டேப் பிடித்துப் பாருங்கள். மாட்டிய பிறகு தெரிந்தால் அரைநாள் வீண்.

அடுத்தது பினியன் கோணம். பலரும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் தவறாக அளக்கிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டும், பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டிக்குள் நுழையும் பினியன் என்ற பற்சக்கரத் தண்டும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இருமுனை ஜாயின்ட்டுகளும் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றொன்று ஈடுகட்டும். கமான் பட்டை வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பினியனின் மூக்கு மேலே எழும்பும். அதற்கு இடம்விட்டு, நிற்கும்போது ஒன்றிரண்டு பாகை கீழ்நோக்கி இருக்கும்படி வைப்பார்கள். ரசமட்டமும் கோணமானியும் இருந்தால் போதும். ஆனால் வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் நிற்க வேண்டும். பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது எடுத்த கோணம் வண்டி தரையில் இறங்கியதும் பொய்யாகிவிடும்.

கோணம் தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு அதிர்வு வரும். உடனே எல்லோரும் டயரைத்தான் சந்தேகிப்பார்கள். மூன்று முறை வீல் பேலன்சிங் செய்தும் அடங்கவில்லை என்றால் பினியனைப் பாருங்கள். சரிசெய்யப் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைப்பதுண்டு. அதைத் தலைகீழாக வைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. 2 பாகை குறையைத் தீர்க்க வைத்த ஆப்பு அதை 4 பாகையாக்கிவிடும். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கிவிடும், இரும்பிலேயே வாங்குங்கள்.

வேறு வண்டியின் அச்சைக் கொண்டுவந்து பட்டைத் திண்டுகளைப் புதிதாக ஒட்டுவதாக இருந்தால் முதலில் பொட்டு வெல்டிங் மட்டும் வையுங்கள். எடையை இறக்கி, அச்சின் நேர்நிலையும் கோணமும் பார்த்த பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் ஓட்டாமல் இடமும் வலமுமாகத் துண்டு துண்டாக, ஆறவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் சூட்டில் அச்சுக் குழாய் வளையும். வளைந்த குழாய் பேரிங்கைத் தின்னும். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொத்தல் போட்டுவிடும். அதற்கெல்லாம் முன்னால் சட்டம் ஒன்றும் இருக்கிறது. தயாரிப்பாளரின் அசல் அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுதான் அதற்கு அடிப்படை. அம்பாசிடருக்கு அம்பாசிடர் அச்சையே தேடுவதற்கு எனக்கு அது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

பட்டைக் கண்களுக்குள் உட்காரும் ரப்பர் புஷ் விஷயத்தில் அனுபவசாலிகளே சறுக்குகிறார்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே, கைக்கு வசதியாக இருக்கிறதென்று பட்டைக் கண்களின் போல்ட்டுகளை முழுவதும் இறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் பட்டை நிமிர்கிறது. இறுகிப் பிடிக்கப்பட்ட ரப்பர், பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சில மாதங்களில் கிழிந்துவிடும். எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி, இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திக் குதிக்கவிட்டு, அதன் பிறகு இறுக்குங்கள்.

பட்டையையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும். பழையதை மறுபடி மாட்டாதீர்கள். புதியதை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அதற்குமுன் சென்டர் போல்ட்டின் தலை அச்சுத் திண்டின் குழிக்குள் உட்கார்ந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உட்காராவிட்டாலும் நட்டு இறுகியதுபோலவே தெரியும். பிறகு ஏதோ ஒரு வேகத்தடையில் தலை அறுந்து, அச்சு பின்னே நழுவும்.

மீதி எல்லாம் மறதியால் வருபவை. கியர் எண்ணெய் ஊற்றாமல் ஓட்டுவது. அச்சுக் கூட்டின் காற்றுத்துளை அடைபட்டிருப்பதைப் பார்க்காமல் ஆயில் சீலைக் குறைசொல்வது. பட்டை உயர்ந்த பிறகும் பழைய நீள ஷாக் அப்சார்பரையே மாட்டுவது. பிரேக் ஹோஸை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அச்சு முழுவதும் கீழே தொங்கும்போது அது விறைத்து நிற்கக்கூடாது. கையால் அசைத்தால் அசைய வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாமல், ஸ்டாண்டு வைத்துப் பாருங்கள்.

நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளில் மறுபடி ஸ்பேனரை வைத்தேன். இரண்டு நட்டுகள் கால் சுற்று திரும்பின. பிடிமானத்தை அறுத்துச் சரியான இடத்தில் ஒட்டிய பிறகு அடுத்த மழைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வாசலில் இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டி ஓட்டிப் பார்த்தேன். தடம் இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகியிருந்தது.