செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு இரும்புக் கொக்கி: கொல்லு வேலை பழக முதல் பாடம்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கதவில் இருக்கும் இரும்பை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த முறை அப்படி ஒரு வீட்டுக்குள் போனால் பின்கட்டுக் கதவின் கொண்டியைக் கையில் பிடித்துப் பாருங்கள். சுத்தி விழுந்த பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும். நாதாங்கி, உத்தரத்து வளையம், நான்கு பட்டையாக அடித்த பழைய ஆணி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி என்று ஊர்ப் பட்டறையில் கரி உலையில் காய்ச்சி அடித்த சாமான்கள் அந்த வீடுகளில் நிறைய உண்டு.

என் அப்பத்தா வீட்டைப் பிரித்தபோது தேக்குக்கு மூன்று நாள் விலை பேசினார்கள். பாதாளக் கரண்டியும் கீல்களும் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. எனக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கரண்டியைப் போல ஒன்றை நானே அடிக்க வேண்டும் என்றுதான் இந்த வேலையைப் பழக ஆரம்பித்தேன். ஆனால் பாதாளக் கரண்டி ஒரு கொக்கிக் கூட்டம். முதலில் ஒரு கொக்கி ஒழுங்காக வர வேண்டும்.

அதனால் இன்று அடிக்கப்போவது இரண்டு முனையும் வளைந்த, நடுவில் முறுக்கு வைத்த தொங்கு கொக்கி. இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள். அந்த வழவழப்பு ஒருமுறை பெயர்ந்தால், அதேபோல் பூசிக் கொடுக்கும் கை கிடைப்பது கஷ்டம். தொங்கு கொக்கிக்குச் சுவர் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் வளையத்திலோ துணி போடும் கொடிக்கம்பிலோ மாட்டிக்கொள்ளும்.

பழைய கருவிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பார்க்கவும் கற்கவும் அங்கே போங்கள். உலையில் போடுவதற்கு அங்கே எதையும் வாங்காதீர்கள். கையால் அடித்த பழைய இரும்பைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துக்கொள்வதுதான் முறை. வேலைக்கான கருவிகள் பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும்.

முக்கியமானவை மூன்றுதான்: சுமார் ஒரு கிலோ எடையுள்ள கைச்சுத்தி, ஒரு குறடு, கம்பியை வைத்து அடிக்கும் பட்டடைக்கு ஒரு கனமான இரும்பு. பின்னால் ஓர் உளி, ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டு, கம்பியை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், ஸ்பானர், மரச்சுத்தி, கம்பி பிரஷ் ஆகியவையும் வேண்டும். பட்டடை என்றதும் எல்லோரும் தண்டவாளத் துண்டைத் தேடுகிறார்கள். அது ரயில்வே சொத்து. வந்த வழி தெரியாமல் வைத்திருந்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகலாம். அதற்குப் பதில் கைப்பிடி போன பெரிய சம்மட்டித் தலை ஒன்றை வாங்குங்கள். நான்கைந்து கிலோ இருந்தால் போதும். கறிக்கடையில் இருப்பது போன்ற புளியங்கட்டையில் குழி வெட்டி, சம்மட்டியின் ஒரு முகம் மேலே தெரியும்படி ஆடாமல் இறக்கிவிடுங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரல் முட்டி இருக்கும் உயரத்தில் பட்டடை முகம் இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். இரண்டு அங்குலம் தாழ்ந்தாலும் ராத்திரி இடுப்பு சொல்லும்.

சுத்தி வாங்கும்போது முகத்தின் ஓரத்தைப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தாலோ காளான் போல விரிந்திருந்தாலோ அந்த ஓரத்தைத் தேய்த்து உருட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் அடிக்கும்போது சில்லு தெறிக்கும். கைப்பிடி ஆடினால் ஆணியைச் செருகி ஒப்பேற்றாதீர்கள். சுத்தியின் துளை நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்திருக்கும். கருவேலங்கட்டையை அதற்குத் தக்கபடி செதுக்கி இறக்கி, மேலே ஆப்பு அடித்தால் கட்டை விரிந்து பூட்டிக்கொள்ளும்.

குறடு கம்பியைச் சரியாகக் கவ்வ வேண்டும். கவ்வாவிட்டால் குறட்டின் வாயைப் பழுக்கக் காய்ச்சி, அடிக்கப்போகும் கம்பியையே வாயில் கொடுத்துத் தட்டி மூடுங்கள். அந்தக் கம்பிக்கு அளவெடுத்த குறடு ஆகிவிடும்.

கம்பி

ஜன்னல் கிரில் செய்யும் பட்டறைகளில் 10 மி.மீ. சதுரக் கம்பியின் வெட்டுத் துண்டுகள் கிடக்கும். 70 செ.மீ. நீளம் வாங்குங்கள். கொக்கிக்கு 25 செ.மீ.தான், மீதி கையில் பிடிக்க. சதுரம்தான் வேண்டும், உருட்டுக் கம்பியில் முறுக்கு தெரியாது. லாரி வில் பட்டை, பழைய அரம் எல்லாம் வேண்டாம். அவற்றில் கரிச்சத்து அதிகம். சூட்டோடு தண்ணீரில் விட்டால் கண்ணாடி போல நொறுங்கும். காய்ச்சிக் குளிரவைத்துப் பதமேற்றும் தோய்ச்சல் தெரிந்த பிறகு அவற்றைத் தொடலாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் கம்பியும் உலைப் பக்கமே வரக்கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாகும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

உலை

வீட்டுக்குள் வேண்டாம், நடு முற்றத்து வளவில் வேண்டாம், ஓலைக் கொட்டகையிலும் வேண்டாம். கரி நெருப்பு விடும் நச்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது. பின்புறத் தோட்டத்தில் தகரக் கூரையின் கீழ், நான்கு பக்கமும் திறந்த இடம் நல்லது. நிழல் அவசியம். நம் ஊர் வெயிலில் ஆரஞ்சு நிறத்தில் தகிக்கும் இரும்புகூடக் கறுப்பாகத்தான் தெரியும். நான் மாலை நாலரைக்கு மேல்தான் உலை மூட்டுகிறேன்.

தரையில் ஒரு முழ அகலத்துக்கு, அரையடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். அடுப்புப் போடுவது போலக் களிமண்ணில் மணல் கலந்து உள்ளே பூசுங்கள். ஒரு பக்கத்தில், அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், பூச்சு இல்லாத ஓர் அங்குல இரும்புக் குழாயைச் செருகி அதன் நுனிக்கும் களிமண் பூசுங்கள். முழுக்கக் காயட்டும். அவசரப்பட்டு மூட்டினால் ஈர மண் வெடித்துத் தெறிக்கும். ஆற்றுக் கூழாங்கல், சிமெண்டுத் துண்டு எதையும் உலையில் வைக்காதீர்கள், அவையும் வெடிக்கும். அந்தக் காலத்தில் காற்றுக்குத் தோல் துருத்தி இருந்தது. இப்போது கையால் சுற்றும் ஊதியோ பழைய ஹேர் டிரையரோ போதும்.

கரிக்கு நமக்குப் பஞ்சமில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலங்கரி மூட்டை மூட்டையாக வருகிறது. பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிடுங்கள். தூள் இருந்தால் காற்று போகாது, பொறியும் அதிகம்.

பருத்திச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு அல்ல, மூடிய தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு சட்டி மணலும் இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மையோ பற்பசையோ தடவாதீர்கள். சிவந்த இரும்பை யாரும் தொடமாட்டார்கள். கறுத்துப்போய்க் கீழே கிடக்கிற 400 டிகிரி இரும்புதான் கையைச் சுடும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

முதல் படி: காய்ச்சுவது

கரியைக் குழாய்க்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து மூட்டுங்கள். கங்கு பிடித்ததும் கம்பி முனையைக் காற்று வாய்க்கு மூன்று நான்கு விரல் மேலே, கங்குக்கு நடுவில் கிடையாகச் செருகுங்கள். காற்று வாய்க்கு நேராக வைத்தால் எரியாத காற்று இரும்பைத் தின்று செதிலாக்கிவிடும்.

மங்கிய சிவப்பு சுமார் 650 டிகிரி, அது போதாது. ஆரஞ்சு 900 முதல் 1000 வரை, நமக்கு வேண்டியது அதுதான். மஞ்சள் வந்தால் உடனே எடுங்கள். கம்பியிலிருந்து மத்தாப்பு போலப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். என் முதல் கம்பியை அப்படித்தான் விட்டேன். முதல் அடியிலேயே நுனி தயிர்க்கட்டி போல உதிர்ந்தது. எரிந்த இரும்பை மீட்க முடியாது, அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும்.

இரண்டாம் படி: நுனி இறக்குவது

இந்தப் பாடத்தின் உயிர் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

நுனியிலிருந்து மூன்றரை செ.மீ. பகுதியை அடித்து ஏழு செ.மீ. ஆக நீட்டப்போகிறோம். பட்டடையின் அந்தப் பக்க ஓரத்தில் நுனியை வைத்து, கம்பியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். சுத்தியையும் அதே அளவு சாய்த்து அடியுங்கள். இரண்டு அடி, கால் திருப்பு. இரண்டு அடி, மறுபடி கால் திருப்பு. முன்னும் பின்னுமாகத் திருப்பினால் போதும், சுற்றிக்கொண்டே போக வேண்டாம். சதுரம் கோணி வைரக்கட்டம் போல ஆனால் அப்போதே அந்த மூலைகளைத் தட்டிச் சரிசெய்யுங்கள், பிறகு சரியாகாது.

முதலில் சதுரமாகவே கூராக்குங்கள். பிறகு நான்கு மூலையையும் தட்டி எட்டுப் பட்டை, அப்புறம்தான் உருண்டை. நேராக உருட்ட முயன்றால் நடுவில் பிளவு ஓடும்.

எனக்கு ஒரு மாதம் வரை நுனி மீன் வாய் போலப் பிளந்துகொண்டே இருந்தது. காரணம் புரியவில்லை. வாரச்சந்தைக்கு அரிவாள் கொண்டுவரும் வயதான ஆசாரி ஒருவரிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கறுத்த பிறகும் அடிச்சிருக்கீங்க. மேல் இரும்பு மட்டும் ஓடியிருக்கு, உள்ளே இருக்கிறது ஓடலை. சிவப்பு போறதுக்கு முன்னாடியே உலைக்குத் திருப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து ஒரு சூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் நான் அடிப்பதில்லை. பிளவும் வரவில்லை, தோளும் வலிக்கவில்லை. கை வலுவை நம்பி இறங்காதீர்கள். நிறம் மங்கும்போது இன்னும் நாலு அடி அடிக்கலாம் என்று ஆசை வரும். அந்த நேரத்தில்தான் கம்பி உலைக்குள் போயாக வேண்டும்.

மூன்றாம் படி: வளைப்பது

நுனியில் ஒரு செ.மீ. மட்டும் வெளிப்பக்கமாகச் சுருட்டுங்கள். துணி கிழியாது, கையும் குத்தாது. பிறகு ஏழெட்டு செ.மீ. நீளத்தைப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டின் மேல் வைத்து லேசாகத் தட்டி அரை வட்டமாக்குங்கள். இங்கே பலம் வேண்டாம். வளைகிற இடத்துக்கு நேர் மேலே அடித்தால் கம்பி சப்பையாகும். சற்றுத் தள்ளி அடியுங்கள்.

ஆறியதும் வெட்டுங்கள். கம்பியின் முதல் நுனியிலிருந்து ஆரம்பத்தில் 25 செ.மீ. அளந்து உளியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தால் இப்போது தேட வேண்டாம். சாக்பீஸ் கோடு உலையில் போய்விடும். மற்ற முனையைக் குறட்டில் பிடித்து அதே வேலையைச் செய்யுங்கள், வளைவு மட்டும் எதிர்ப்பக்கம்.

நான்காம் படி: முறுக்கு

நடுப்பகுதி ஆறு செ.மீ. அளவுக்குச் சீரான ஆரஞ்சுக்கு வர வேண்டும். ஒரு பக்கம் சூடு அதிகமானால் முறுக்கு அங்கேயே குவிந்துவிடும். கொக்கிகள் சூடேறியிருந்தால் குவளைத் தண்ணீரை அவற்றின் மேல் மட்டும் ஊற்றுங்கள். இந்தக் கம்பிக்கு அதனால் கெடுதல் இல்லை. ஒரு முனையை வைஸில் கடிக்கவிட்டு மறுமுனையை ஸ்பானரால் பிடித்து ஒரே மூச்சில் திருப்புங்கள். ஒரு முழுச் சுற்று திருப்பினால் இரண்டு கொக்கியும் பழைய தளத்துக்கே வரும். ஒன்றேகால் சுற்று திருப்பினால் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும். வளையத்தில் மாட்ட எனக்கு அதுதான் பிடிக்கும். கோணியிருந்தால் மரக்கட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் நிமிர்த்துங்கள். இரும்புச் சுத்தி முறுக்கின் முனைகளை மழுக்கிவிடும்.

எண்ணெய்

சூடு இருக்கும்போதே கம்பி பிரஷ்ஷால் செதிலைத் தேய்த்து எடுங்கள். சிவப்பு முழுக்கப் போய், எண்ணெய் வைத்தால் புகைகிற சூட்டில் துணியால் மெல்லப் பூசுங்கள். தோசைக்கல் பழக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம், அதே வேலைதான். வாழைத்தார் தொங்கவிடுவதானால் நல்லெண்ணெய். மற்றபடி ஆளிவிதை எண்ணெயோ தேன்மெழுகோ நன்றாகக் காய்ந்து நிற்கும்.

கொக்கி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 200 கிராமில் இருக்கும். உடனே மாட்டிவிடாதீர்கள். தாழ்வான கிளையில் மாட்டி, 15 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் வளைவின் வாயை அளந்து பாருங்கள். விரியாமல் இருந்தால் உத்தரத்து வளையத்தில் மாட்டலாம்.