தென்பெண்ணையின் கல்லைப் புரட்டிப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஆற்றை ஒட்டி எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தென்பெண்ணை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், தண்ணீரின் நிறத்தைப் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. மழை பெய்தால் நல்ல ஆறும் செம்மண் கலந்து கலங்கும். நுரையை வைத்தும் முடிவு கட்ட முடியாது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் விழும் இடத்தில் பொங்கும் நுரைக்குக் காரணம் மேலே பெங்களூரு பக்கமிருந்து வரும் கழிவுநீரும் அதிலுள்ள சோப்பும்தான். ஆனால் அதே தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் நுரை கண்ணில் படாது.

அதனால்தான் கல்லைப் புரட்டச் சொல்கிறேன். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்து நிலையை மட்டும் காட்டும். கல்லுக்கடியில் இருக்கும் பூச்சிகள் வாரக்கணக்காக, சில வகைகள் மாதக்கணக்காக, அங்கேயே வளர்பவை. போன வாரம் ராத்திரியில் யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால் அதன் அடையாளம் இன்றைக்கும் அவற்றிடம் இருக்கும்.

முழங்காலுக்குக் கீழே ஆழம், கற்கள் மேல் சலசலத்து ஓடும் தண்ணீர்: அப்படி ஓர் இடம் பாருங்கள். பழைய கொசுவலையை இரண்டு கம்பில் கட்டி ஒருவர் ஓட்டத்துக்குக் குறுக்கே பிடிக்கட்டும். இன்னொருவர் வலைக்கு மேற்பக்கம் நின்று மூன்று நிமிடம் கற்களைக் காலால் கிளற வேண்டும். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் போட்டு, கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர் விட்டுப் பொறுமையாகப் பாருங்கள். முதலில் சருகும் மண்ணும்தான் தெரியும். அப்புறம் அந்தச் சருகில் ஒன்று நடக்கும்.

பின்னால் மெல்லிய மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் படபடக்கும் செவுள் என்றால் அது மேஃபிளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பூச்சி. மணலை ஒட்டவைத்துக் குழல் கட்டி, அதற்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டுவது கேடிஸ் புழு. இவை பல வகையாகக் கிடைத்தால் எனக்கு வயிறு குளிர்ந்துவிடும். அந்த இடத்துத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று பொருள். தட்டானின் இளம்பூச்சி ஓரளவு மாசைத் தாங்கும். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் நிலைமை மோசம். அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். எத்தனை பூச்சி என்பதைவிட எத்தனை வகை என்பதைத்தான் நோட்டில் முதலில் எழுத வேண்டும்.

ஆக்சிஜன் அளக்கும் கிட் கிடைத்தால் விடியும் முன்னே அளந்துவிடுங்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும், ராத்திரியெல்லாம் இழுத்துக்கொள்ளும். பச்சைப்பசேலென்று பாசி பிடித்த ஆறு மதியம் அளந்தால் நல்ல ஆறாகவே தெரியும். குளிக்கத் தகுந்த ஆற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு.

ஓர் இடத்தில் பார்த்தால் போதாது. சாக்கடை வந்து சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என ஒரே நாளில் பாருங்கள். இரண்டு இடமும் கல்லாக இருக்கட்டும். மேலே கல், கீழே சேறு என்றால் வித்தியாசம் சாக்கடையால் வந்ததா தரையால் வந்ததா என்று தெரியாது. மணல் அள்ளிய பள்ளம், அறுந்த கரை, ஆகாயத்தாமரை இவற்றையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்த்து முடித்ததும் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம். கரையேறியதும் கைகால்களைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் அன்றைக்கு ஆற்றுப் பக்கமே போகக் கூடாது.